எந்தச் சட்டம் உங்கள் பிள்ளைக்குச் சம்பளம் தரும்?

வாசகர் கேள்வி – பதில்

சுற்றுச்சூழல், நீடித்த வளர்ச்சி என்ற பெயர்களில் பல துறைகளைக் கலந்து படித்த பிள்ளைகளுக்கு தென்னாப்பிரிக்காவில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டு டர்பன், ஃபீனிக்ஸ், டொங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகர்கள் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் இடம் தருகிறோம். இந்தத் துறையில் பணிபுரிவோர் பதில் சொல்கிறார்கள்.

கேள்வி: என் மகள் புவியியல், சூழலியல், பொருளியல், சமூகவியல் எல்லாம் கலந்த மூன்றாண்டுப் பட்டத்தை இந்த டிசம்பரில் முடிக்கிறாள். "டீச்சரா, நர்ஸா, அக்கவுன்டன்ட்டா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவளுக்கும் பதில் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. தப்பான படிப்பில் சேர்த்துவிட்டேனா?
— ஒரு தாய், சாட்ஸ்வர்த்

தப்பான படிப்பு இல்லை அம்மா. நர்ஸுக்குப் படித்தவர் நர்ஸ் ஆகிறார். இந்தப் படிப்பின் பெயரில் அப்படி ஒரு வேலை கிடையாது, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. வேலைத் தளத்தில் "சஸ்டைனபிலிட்டி" என்று தட்டித் தேடினால் ஜோஹன்னஸ்பர்க்கில் பத்தாண்டு அனுபவம் கேட்கும் நாலு மேலாளர் பதவிகள் வரும். பிள்ளை சோர்ந்துபோவாள்.

தேட வேண்டிய முறை வேறு. நம் நாட்டில் இந்தத் துறையின் வேலைகளில் பெரும்பாலானவற்றை உண்டாக்கியது சட்டம். ஒரு கம்பெனி ஓர் அறிக்கையைக் கட்டாயம் தாக்கல் செய்ய வேண்டும் என்று சட்டம் சொன்னால், அதை எழுத ஓர் ஆள் வேண்டும், அளக்க ஓர் ஆள், சரிபார்க்க ஓர் ஆள். அதனால் மகளை ஒரு தாளில் சட்டங்களை எழுதச் சொல்லுங்கள்.

1998-இன் தேசியச் சுற்றுச்சூழல் மேலாண்மைச் சட்டம், அதாவது நீமா, பல கட்டுமானங்களுக்கு முன், சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு வரும் என்ற தாக்க மதிப்பீட்டைக் கேட்கிறது; ஆலோசனை நிறுவனங்கள் அதை நம்பியே நடக்கின்றன. 2019 ஜூன் 1 முதல் கார்பன் வரி இருக்கிறது. பொதிப்பொருள், மின்னணுப் பொருள், மின்விளக்கு ஆகியவற்றைச் சந்தைக்குக் கொண்டுவருபவரே அவை குப்பையான பின்னும் பொறுப்பு என்ற விதி 2021 மே 5 முதல் நடப்பில் இருக்கிறது. 2,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட தனியார் அலுவலகங்களும் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அரசு அலுவலகங்களும் ஏ முதல் ஜி வரை மதிப்பிட்ட ஆற்றல் திறன் சான்றிதழை வாசலில் மாட்ட வேண்டும். பள்ளி, அரங்கம் போன்ற கட்டடங்களுக்கும் இதே விதிதான். 2024-இல் கையெழுத்தான காலநிலை மாற்றச் சட்டம், மாகாணங்களும் மாநகராட்சிகளும் தங்கள் பகுதியின் ஆபத்துகளை மதிப்பிட்டுச் செயல்திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்து, அந்தச் சட்டத்தின் படிவத்தை இறக்கி, கற்பனையாக ஒரு கடைக்கு நிரப்பிப் பார்க்கட்டும். எந்தக் கட்டத்தில் தடுமாறுகிறாளோ அதுதான் அடுத்து கற்க வேண்டியது. சொந்தக்காரர்களுக்கும் அப்போது பதில் கிடைத்துவிடும்: "கட்டடங்களின் மின்செலவைக் கணக்கெடுப்பவள்", "தாக்க மதிப்பீடு எழுதுபவள்" என்று.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976-இல் உம்கேனி ஆறு பெருகி டர்பன் ஸ்பிரிங்ஃபீல்டின் டின் டவுன் குடியிருப்பு மூழ்கியபோது வீடிழந்த நம் குடும்பங்கள் ஃபீனிக்ஸுக்குப் போனார்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் நம் குவாசூலு-நட்டால் மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆற்றங்கரையில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கூடாது என்று வரைபடத்தில் கோடு போடும் வேலையும் இந்தப் படிப்பிலிருந்துதான் வருகிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ஆலோசனை நிறுவனத்தில் சேர விரும்புகிறேன். சுற்றுச்சூழல் மதிப்பீட்டாளர் பதிவா, சாக்நாஸ்ப் பதிவா? இரண்டும் வேண்டுமா? அங்கே புதிதாகச் சேர்பவர் என்னதான் செய்வார்?
— மூன்றாமாண்டு மாணவர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்

தம்பி, இரண்டு பதிவும் வேறு வேறு கையெழுத்துக்கு உரிமை தருகின்றன. தாக்க மதிப்பீட்டு விண்ணப்பத்தை முழுப் பொறுப்பேற்று நடத்த, ஈ.ஏ.பி.ஏ.எஸ்.ஏ. என்ற மதிப்பீட்டாளர் சங்கத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 2022 ஆகஸ்ட் முதல் இது கட்டாயம். பட்டம் முடித்ததும் "பயிலும் மதிப்பீட்டாளர்" நிலையில் பதியலாம். அந்த நிலையில் முழுப் பதிவு பெற்ற ஒருவரின் மேற்பார்வையில்தான் வேலை செய்ய முடியும். ஈரநிலம், தாவரம், மண், நீர் என்று ஒரு துறையில் நிபுணர் அறிக்கை எழுதக் கேட்பது சாக்நாஸ்ப், அதாவது இயற்கை அறிவியலாளர் மன்றம். அதன் முழு நிலைக்கு நான்காண்டு அறிவியல் பட்டமோ, முதல் பட்டத்துக்குப் பின் படிக்கும் ஓராண்டு ஹானர்ஸோ வேண்டும், அதற்கு மேல் மூன்றாண்டு அனுபவமும் வேண்டும்.

கலவைப் பட்டம் படித்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சாக்நாஸ்ப் பட்டத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் இயற்கை அறிவியல் பாடங்கள் எவ்வளவு என்று பார்க்கிறது. மூன்றாமாண்டில் கொள்கை, ஆட்சிமுறை, சமூகவியல் என்று எடுத்துவிட்டு, வேலையில் சேர்ந்த பிறகு நிபுணர் பதிவு கேட்டால் கிடைக்காது. திரும்பப் போய்ப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மண்ணியல், நீரியல், தாவரவியல் ஆகியவற்றில் எது ஈர்க்கிறதோ அதில் இப்போதே கூடுதல் பாடம் எடுங்கள். உங்கள் ஊரிலேயே குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் நீரியல் துறை இருக்கிறது.

புதிதாகச் சேர்பவரின் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். கல்லூரியில் யாரும் சொல்வதில்லை.

முதலில் தேசிய இணையவழி முன்னாய்வுக் கருவியில் (ஸ்கிரீனிங் டூல்) நிலத்தின் எல்லையை வரைந்து அறிக்கை எடுக்க வேண்டும். 2019 அக்டோபர் முதல் அது இல்லாமல் விண்ணப்பம் போக முடியாது. அந்த அறிக்கை "இங்கே தாவர உணர்திறன் மிக அதிகம்", அதாவது எளிதில் பாதிக்கப்படும் தாவரங்கள் இருக்கலாம் என்று சொன்னால், நிலத்துக்குப் போய் உண்மையா என்று பார்த்துப் படத்தோடு எழுத வேண்டும். கருவி சொன்னதை அப்படியே நகலெடுத்து ஒட்டுவது புதியவர்கள் செய்யும் முதல் பிழை. பத்தாண்டுக்கு முன்பே கரும்பு நட்ட நிலத்தை அது இயற்கைப் புல்வெளி என்று காட்டக்கூடும்.

அடுத்தது பொதுமக்கள் பங்கேற்பு, குறைந்தது 30 நாள். நிலத்தின் எல்லையில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். அளவு குறைந்தது 60-க்கு 42 சென்டிமீட்டர். பக்கத்து நில உரிமையாளர், குடியிருப்பவர், வார்டு கவுன்சிலர், மாநகராட்சி, தொடர்புள்ள அரசுத் துறைகள் எல்லோருக்கும் எழுத்துமூலம் தெரிவித்து, உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் சான்று வேண்டும்: பலகை நிற்கும் படம், அஞ்சல் ரசீது, மின்னஞ்சல் போய்ச் சேர்ந்த பதிவு. இந்தக் கோப்பைப் பார்த்துக்கொள்வதுதான் புதியவரின் முதல் பொறுப்பு. ஒரு பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடிதம் போகவில்லை என்றால் போதும், அனுமதி கிடைத்த பிறகும் மேல்முறையீட்டில் முழு வேலையும் ஆட்டம் காணும்.

பிறகு நாள்கணக்கு. அடிப்படை மதிப்பீடு என்ற சுருக்கமான நடைமுறையில், விண்ணப்பம் அதிகாரியிடம் சேர்ந்த நாளிலிருந்து 90 நாளில் இறுதி அறிக்கை போய்ச் சேர வேண்டும்; பொதுமக்கள் பார்த்த 30 நாளும் அதற்குள் அடங்கும். முக்கியமான மாற்றம் வந்து மறுபடியும் மக்கள் பார்வைக்கு வைக்க நேர்ந்தால், எழுதித் தெரிவித்து 140 நாள் வரை போகலாம். தவறினால் விண்ணப்பம் செத்துவிடும். கட்டணத்தோடு புதிதாகத் தொடங்க வேண்டும். டிசம்பர் 15 முதல் ஜனவரி 5 வரை கணக்கில் சேராது. வாடிக்கையாளரின் அவசரத்துக்காக நிபுணர் அறிக்கைகள் வருமுன்பே விண்ணப்பத்தைப் போட்டுவிடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. குவாசூலு-நட்டாலில் புல்வெளித் தாவரத்தைக் கோடை மழைக்காலத்தில்தான் சரியாக அடையாளம் காண முடியும். ஜூலையில் காய்ந்த புல்லைப் பார்த்து எழுதிய அறிக்கையை அதிகாரி திருப்பி அனுப்பினால், 90 நாளுக்குள் மழை வரப்போவதில்லை.

அனுமதி வந்தபின் கட்டுமான இடத்தைக் கண்காணிக்கும் சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டு அலுவலர் வேலை இருக்கிறது. புதியவர்களுக்கு எளிதில் திறக்கும் கதவு இதுதான் என்பது எங்கள் கருத்து. கான்கிரீட் கலவை கழுவிய நீர் ஓடைக்குப் போகிறதா, மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்திருக்கிறார்களா, வண்டல் தடுப்புத் துணியின் அடிப்பகுதியை மண்ணில் புதைத்திருக்கிறார்களா (புதைக்காவிட்டால் தண்ணீர் அடியில் புகுந்து போய்விடும்) என்று பார்த்துப் படமெடுத்து எழுத வேண்டும். கார் ஓட்டும் உரிமம் இல்லாமல் இந்த வேலைக்கு நேர்காணலுக்கே கூப்பிட மாட்டார்கள். இசிசூலு பேசத் தெரிந்திருந்தால் மண்வெட்டி பிடிப்பவரோடும் பக்கத்துக் கிராமத்தாரோடும் நேரே பேசலாம். உரிமத்தையும் மொழியையும் படிக்கும் காலத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசுத் துறைகளுக்கு 40 விண்ணப்பம் போட்டுவிட்டேன். ஒரு பதில்கூட இல்லை.
— பட்டதாரி, ஃபீனிக்ஸ்

விண்ணப்பம் படிக்கப்படாமலே ஒதுக்கப்பட்டிருக்கலாம் தங்கை. தேசிய, மாகாணத் துறைகளுக்கு இசட் 83 என்ற அரசு வேலை விண்ணப்பப் படிவம் வேண்டும். 2021 ஜனவரியிலிருந்து புதிய படிவம். பழையதில் அனுப்பினால் போச்சு. கையெழுத்தும் தேதியும் விடுபடுவது, பதவியின் குறிப்பு எண்ணைத் தப்பாக எழுதுவது, "சி.வி.யைப் பார்க்க" என்று எழுதிக் கட்டங்களைக் காலியாக விடுவது ஆகிய மூன்றும் மறுபடி மறுபடி நடக்கின்றன. சான்றொப்பமிட்ட நகல்களைத் தொடக்கத்தில் இணைக்க வேண்டியதில்லை; தெரிவுப் பட்டியலில் வந்தவரிடம்தான் கேட்பார்கள். அதற்காகப் போலீஸ் நிலையத்தில் வரிசையில் நின்ற நேரத்தைப் படிவத்தைச் சரிபார்க்கச் செலவிடுங்கள். பொதுச் சேவை, நிர்வாகத் துறையின் (டி.பி.எஸ்.ஏ.) காலியிடச் சுற்றறிக்கை வாராவாரம் வருகிறது. அதில் "பயிற்சிப் பணி" என்ற பகுதியை முதலில் பாருங்கள். மாநகராட்சிகளுக்கு இசட் 83 செல்லாது, அவர்களுக்குத் தனிப் படிவமும் தனித் தளமும் உண்டு.

சி.வி.யில் "சுற்றுச்சூழலில் ஆர்வம்" என்ற வரியை எடுத்துவிடுங்கள். கியூ-ஜி.ஐ.எஸ். என்ற இலவச மென்பொருளில் உங்கள் ஃபீனிக்ஸ் பகுதியின் ஓடைகளையும் வெள்ள எல்லையையும் வரைந்து ஒரு பக்கப் படமாக இணையுங்கள். தெரிவுக் குழுவில் இருப்பவருக்குத் தெரிந்த ஊர், தெரிந்த ஓடை. கண் அங்கேதான் நிற்கும்.

கேள்வி: கணக்கு எனக்கு நன்றாக வரும். கார்பன் கணக்கு வேலை என்கிறார்களே, அது உண்மையில் எப்படி இருக்கும்?
— ஹானர்ஸ் மாணவி, டொங்காட்

ஒரு சூப்பர்மார்க்கெட்டை எடுத்துக்கொண்டு போட்டுப் பார்ப்போம். மாதம் 40,000 கிலோவாட்-மணி மின்சாரம், ஆண்டுக்கு 4,80,000. நம் நாட்டு மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் ஒரு கிலோவாட்-மணிக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு. ஆக 480 டன். மின்வெட்டுக்கு வைத்த ஜெனரேட்டருக்கு மாதம் 500 லிட்டர் டீசல், ஆண்டுக்கு 6,000, லிட்டருக்கு 2.7 கிலோ என்றால் சுமார் 16 டன். குளிர்பெட்டிகளில் ஆர்-404ஏ வாயு கசிந்து ஆண்டில் 20 கிலோ நிரப்பினார்கள் என்று வையுங்கள். அந்த வாயு ஒரு கிலோ, கரியமில வாயு 3,922 கிலோவுக்குச் சமம். ஆக 78 டன். எல்லோர் கண்ணிலும் படுவது புகைவிடும் ஜெனரேட்டர். அதைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு, கண்ணுக்குத் தெரியாமல் கசிகிறது. புதியவர்கள் மறந்துவிடும் வரியும் இதுதான். குளிர்சாதனப் பழுதுபார்ப்பவரின் பில்களைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை கிலோ நிரப்பினார் என்று அதில் இருக்கும்.

பெருக்கல் எளிது. எண்ணைத் திரட்டுவதுதான் வேலை. மாநகராட்சி மின்கட்டண ரசீதில் சில மாதம் உண்மை அளவீடு இருக்காது, உத்தேச அளவீடு இருக்கும். அடுத்த முறை மீட்டர் பார்த்ததும் மொத்தமாகத் திருத்தம் வரும். இதைக் கவனிக்காமல் 12 ரசீதைக் கூட்டினால் ஆண்டுக் கணக்கு எங்கோ போகும். உச்சத் தேவையைக் காட்டும் கே.வி.ஏ. வரியைக் கிலோவாட்-மணி என்று எடுத்துக்கொள்வது அடுத்த பிழை. கடை ஒரு மாலுக்குள் இருந்து, மின்சாரம் மால் உரிமையாளரின் மீட்டர் வழியாக வந்தால், இருவரும் அதே மின்சாரத்தை எழுதியிருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இந்தக் கடைக்குக் கார்பன் வரி வராது. எரிபொருள் எரிக்கும் நிறுவனங்களுக்குப் பொதுவான வரம்பு 10 மெகாவாட் வெப்பத் திறன். கொதிகலன் வைத்த ஆலைகள்தான் அதில் சிக்கும். வரி 2019-இல் டன்னுக்கு 120 ராண்ட், 2024-இல் 190, 2025-இல் 236. முதல் கட்டத்தில் 60 விழுக்காடு அடிப்படை விலக்கு இருந்ததால் பல கம்பெனிகள் அலட்சியமாக இருந்தன. விகிதம் ஏற ஏறக் கணக்குத் தெரிந்த ஆளைத் தேடுகிறார்கள். உமிழ்வு அறிக்கை மார்ச் 31-க்குள் சுற்றுச்சூழல் துறைக்குப் போக வேண்டும். வரிக் கணக்கு ஜூலையில் வருவாய்த் துறைக்கு. ஜனவரி முதல் மார்ச் வரை ஆலோசனை நிறுவனங்களுக்குக் கை போதாது. தற்காலிக வேலை கேட்க நவம்பரிலேயே எழுதிவிடுங்கள்.

ஏற்றுமதிப் பக்கமும் ஒரு கதவு திறந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம் ஆகியவை ஐரோப்பிய ஒன்றியத்துக்குப் போனால், அவற்றைச் செய்யும்போது வெளிவந்த கரியமில வாயுவுக்கு எல்லைக் கார்பன் கணக்கு காட்ட வேண்டும். 2026 ஜனவரி 1 முதல் அதற்குக் கட்டணமும் உண்டு. டர்பன், ரிச்சர்ட்ஸ் பே துறைமுகங்களை ஒட்டி வாழும் நமக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

கேள்வி: சோலார் நிறுவனத்தில் திட்ட அலுவலர் என்று சேர்ந்தேன். கூரையேறி வயர் இழுக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?
— ஒரு வாசகர், மெரிபேங்க்

வயர் இழுப்பது இழிவான வேலை இல்லை. ஆனால் உங்கள் பட்டம் அதற்கு உரிமை தராது. மின் இணைப்புக்கான இணக்கச் சான்றிதழில் கையெழுத்திட, தொழிலாளர் துறையில் பதிவு பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே உரிமை. அவர் பார்வையில்லாமல் நீங்கள் செய்த இணைப்பில் தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனம் கையை விரிக்கும். வீட்டுக்காரர் உங்களைத்தான் தேடி வருவார். மின்பணியில் இறங்க விருப்பமிருந்தால் முறையான பயிற்சிக்குச் சேர்ந்துவிடுங்கள்.

உங்கள் வேலை கூரைக்குக் கீழே இருக்கிறது: 12 மாத ரசீதைப் படித்து எத்தனை சோலார் பலகை, எத்தனை மின்கலம் என்று கணக்கிடுவது, மாநகராட்சிக்குச் சிறு மின்உற்பத்தி விண்ணப்பம் போடுவது, கூரையைப் பார்ப்பது. இந்தக் கடைசி விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பழைய கவுன்சில் வீடுகளில் இன்னும் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருக்கிறது. அதில் துளையிட்டால் இழைத்தூள் பறக்கும், நுரையீரலில் தங்கிப் பல ஆண்டு கழித்து நோயாக வரும். அத்தகைய கூரையைப் பதிவு பெற்ற ஆஸ்பெஸ்டாஸ் ஒப்பந்தக்காரர் அகற்றிய பிறகுதான் பலகை ஏற்ற வேண்டும். முதலாளி அவசரப்படுத்தினாலும் ஆளை மேலே ஏற்றாதீர்கள்.

சமூகவியல் பக்கம் நாட்டமிருந்தால் பெரிய காற்றாலை, சூரியப் பண்ணைகளைப் பாருங்கள். 2011-இல் தொடங்கிய அரசின் தனியார் மின்கொள்முதல் திட்டத்தில், 50 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள மக்களுக்கு வருவாயில் ஒரு பங்கைச் செலவிட வேண்டும் என்பது ஒப்பந்தம். அந்தப் பணத்தை ஊராரோடு பேசிச் செலவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுபவர் சமூக மேம்பாட்டு அலுவலர். வடக்கு கேப் வறண்ட ஊர்களில் தங்க மனம் வேண்டும், கொஞ்சம் ஆஃப்ரிகான்ஸ் மொழியும் வேண்டும்.

கேள்வி: மகன் உடனே மாஸ்டர்ஸ் சேர வேண்டும் என்கிறான். ஸ்டெல்லன்பாஷா, கேப் டவுனா? கடன் வாங்கலாமா?
— ஒரு தந்தை, வெருலம்

ஐயா, இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் முதல் பட்டம் அகலமாக இருக்கும்போது, அதன்மேல் இன்னொரு அகலமான பட்டத்தைக் கடன் வாங்கி அடுக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. ஹானர்ஸ் ஓராண்டு, அதில் ஒரே ஒரு கூர்மையான திறன் இருக்கட்டும், நீரியலோ, நிலவரைபடமோ, ஆற்றல் அளவீடோ. பிறகு இரண்டாண்டு வேலை. மாஸ்டர்ஸுக்கு அப்போது சொந்தக் கேள்வியோடு போவான். செலவில் ஒரு பங்கை முதலாளியே ஏற்கவும் கூடும். என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். என்ற அரசு மாணவர் நிதியுதவி பொதுவாக முதல் பட்டத்தோடு நிற்கிறது. ஹானர்ஸ் முதல் மேலே தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு வயது வரம்பு உண்டு. பல்கலைக்கழகம் தன் உள்ளகக் கெடுவை அறக்கட்டளையின் கெடுவுக்கு முன்பே வைக்கும். பிந்துபவர்கள் அங்கேதான் பிந்துகிறார்கள்.

கேள்வி: வயது 41. இசிப்பிங்கோ தொழிற்சாலையில் தொழிலாளர் பாதுகாப்பு அலுவலர். பட்டம் இல்லை. இந்தத் துறைக்கு வர முடியுமா?
— ஒரு வாசகர், இசிப்பிங்கோ

உங்களுக்குத்தான் இங்கே எல்லோரையும்விடக் கிட்டத்தில் கதவு இருக்கிறது. தொழிற்சாலையின் உள்வேலை தெரிந்தவர் நீங்கள். பட்டதாரிக்கு அது தெரிய இரண்டாண்டு ஆகும். சுற்றுச்சூழல் மேலாண்மைக்கான சர்வதேசத் தரம் ஐ.எஸ்.ஓ. 14001; அதன் தணிக்கையாளர் பயிற்சி ஐந்து நாள். அதை முதலில் முடியுங்கள். பிறகு ஆலையில் ஒவ்வொரு வேலையையும் எடுத்து, அது காற்றில், நீரில், மண்ணில் எதை விடுகிறது என்று ஒரு பதிவேடு தயாரியுங்கள். வழக்கமாக வேலை செய்யும் நாளை மட்டும் எழுதிவிட்டு, இயந்திரம் நிறுத்தும் நாளையும் தொட்டி கழுவும் நாளையும் விட்டுவிடுவார்கள். கசிவு பெரும்பாலும் அன்றுதான் நடக்கும். குப்பை ஏற்றிச் செல்லும் ஒவ்வொரு லாரிக்கும் போய்ச் சேர்ந்த இடத்தின் ஒப்புச்சீட்டைத் திரும்ப வாங்கிக் கோப்பில் வையுங்கள். ஆய்வாளர் வந்தால் முதலில் கேட்பது அது.

பட்டத்துக்கு யுனிசா என்ற தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் சுற்றுச்சூழல் மேலாண்மை படிக்கலாம். வேலையோடு ஒரு பருவத்துக்கு இரண்டு பாடத்துக்கு மேல் எடுக்காதீர்கள். உங்கள் பணி அனுபவத்தை முன்கற்றலாக ஏற்பார்களா என்று சேருமுன் எழுதிக் கேளுங்கள். அதற்கு நீங்கள் எழுதிய விபத்து அறிக்கைகள், பயிற்சிச் சான்றுகள், மேலாளரின் கடிதம் எல்லாம் வேண்டும். அவற்றை இந்த வாரமே ஒரு கோப்பில் சேர்க்கத் தொடங்குங்கள். மேலாளர் மாறிப்போனால் அந்தக் கடிதம் கிடைப்பது கடினம்.